கயிற்றால் கட்டிய வீடுகள்

முதல் கூட்டத்துக்குப் பத்தொன்பது பேர் வந்தோம்.
வீபெக்கேயின் கூடத்தில் நாற்காலி ஆறு.
மற்றவர்கள் தரையில்,
குளிர்க்கோட்டைக் கழற்றாமல்,
எந்த நிமிடமும் எழுந்து போய்விடலாம் என்பதுபோல.

குறிப்பெழுத யாரும் முன்வரவில்லை.
என் சட்டைப்பையில் பேனா இருந்தது.
செயலாளர் ஆனேன்.

தனி வீடு, தனிக் கதவு,
அவரவர் சாவி அவரவரிடம்;
நடுவில் மட்டும் எல்லாருக்கும் ஒரு சமையலறை
என்றாள் வீபெக்கே.
சுவரில் அவள் ஒட்டிய வரைபடம்
இரண்டு முறை கழன்று விழுந்தது.

யார் சமைப்பது என்று கேட்டவர் எஸ்கில்.
ஐம்பத்திரண்டு வயதுவரை
முட்டை தவிர எதையும் வேகவைத்தறியாதவர்.
அந்தக் கேள்வி மூன்று கூட்டங்களைத் தின்றது.
வாரத்தில் நான்கு இரவு என்று முடித்தோம்.
பிறகு ஐந்து.
பிறகு மறுபடி நான்கு.

நிலம் ஹோல்பெக் போகும் சாலையில்,
பீட்ரூட் விளைந்த மேட்டு வயல்.
விற்க வந்தவர் கேட்டார்:
நீங்கள் ஏதாவது மதமா?
இல்லை.
கட்சியா?
இல்லை.
அப்படியென்றால் முழுப் பணமும் முதலிலேயே வேண்டும்.

வங்கிப் படிவத்தில்
குடும்பத் தலைவர் என்று ஒரு கட்டம்.
பதினொரு பெயரை அதற்குள் நுணுக்கி எழுதினேன்.
கடைசிப் பெயர் விளிம்பைத் தாண்டி
வட்டி விகிதத்தின்மேல் ஏறிவிட்டது.

ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடத்தில் கூடி எதிர்த்தார்கள்.
கார் பெருகும். குழந்தைகள் கத்துவார்கள்.
ஒரு கிழவர் எழுந்து
இரவில் அத்தனை சன்னலிலும் விளக்கெரியுமே என்றார்.
புகாரா ஆசையா,
குரலில் தெரியவில்லை.
இரண்டு பத்தியிலும் எழுதிவைத்தேன்.

இவ்வளவையும் தாண்டினோம்.
பூனையில் உடைந்தோம்.

சிறு கல் பெரிய குடம் என்பார்களே, அதுதான்.
மோவென்ஸுக்குப் பூனை மயிர் பட்டால் மூச்சு திணறும்.
குத்ருனிடம் மூன்று பூனைகள்.
எட்டாம் கூட்டம் நள்ளிரவு தாண்டியது.
முப்பது வருடக் கடனுக்குக் கை நடுங்காமல்
ஒப்பமிட்டவர்கள்
ஒரு வாலுக்காகக் குரல் உயர்த்தினார்கள்.
காப்பி ஆறி, மேலே ஆடை படிந்தது.
என் குறிப்பு ஒரே வரி:
அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

பிப்ரவரி ஞாயிறு ஒன்றில்
வயலில் வீடுகளை அளந்தோம்.
மண் உறைந்து கிடந்தது, முளை இறங்கவில்லை.
குத்ருன் கெண்டியில் வெந்நீர் கொண்டுவந்து
ஊற்ற ஊற்ற அடித்தோம்.
நீலநிற நைலான் கயிறு,
பதினொரு செவ்வகங்கள்.

அவரவர் வீட்டுக்குள் போய் நின்றோம்.
எஸ்கில் இல்லாத கதவைத் திறந்து
உள்ளே போய்ச் சாத்தினார்.
சுவர்களுக்குள் புகுந்து ஓடிய பிள்ளைகளை
வாசல் வழியாக வா என்று
ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் அதட்டினோம்.
காற்று மட்டும் யார் வீட்டுக்கும்
அனுமதி கேட்கவில்லை.

அக்னேதேயும் மோவென்ஸும்
மூலை வீட்டுக்குள் வெகுநேரம் நின்றிருந்தார்கள்.
இரவு தொலைபேசியில் அவள்:
அங்கே நின்றால்
எல்லார் அடுப்பும் எனக்குத் தெரிகிறது.
என் அடுப்பும் அப்படித்தானே தெரியும்?
நாங்கள் வரவில்லை.

ஒரு குடும்பம் விலகியது என்று எழுதினேன்.
காரணம் எழுதவில்லை.
பூனைகளுக்கு வழி பிறந்ததென்று
குத்ருன் மகிழ்வாள் என நினைத்தேன்;
அவள் அந்த வாரம் முழுக்கக்
கூட்டத்துக்கே வரவில்லை.

மூலைக் கயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை.
பனி கரைந்தபின்
தப்பி நின்ற விதையிலிருந்து பீட்ரூட் இலைகள்,
சரியாக அவர்கள் படுக்கையறை இருக்குமிடத்தில்.

ஏப்ரலில் ஈபென் என்றொருத்தி வந்தாள்.
மருத்துவமனையில் இரவுப் பணி,
கண்ணில் இன்னும் தூக்கம்.
கயிற்றைத் தாண்டாமல்,
வாசல் எங்கே என்று கேட்டு, அதன் வழியே நுழைந்தாள்.
இலைகளை மிதிக்காமல் நடந்து
சன்னல் பக்கம் நின்றாள்.

பிடித்திருக்கிறது என்றாள்.
ஒரே ஒரு கேள்வி:
நாய் வளர்க்கலாமா?

பேனாவைத் தேடினேன்.